மொழிவேடம்: போர்க்கால மலிவுப் படங்களில் பெண் ஒற்றரும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

ஒற்றருக்கு வேண்டிய தகுதிகளைத் திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் வகுத்துரைக்கிறது. ஐயத்திற்கு இடந்தராத உருவம், எதிர்ப்பட்டவரின் பார்வைக்கு அஞ்சாமை, உள்ளத்தில் உள்ளதை எந்நிலையிலும் வெளிவிடாமை ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே சுட்டப்பெறுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் கண்ணுக்குப் புலனாவன. மூன்றாவது நாவைச் சார்ந்தது. தமிழில் வழங்கும் ‘மாறுவேடம்’ என்னும் சொல் பெரும்பாலும் உடையையும் தோற்றத்தையுமே நினைவூட்டுகிறது. ஆயினும் பகைவர் நடுவே வாழ்ந்து செய்தி திரட்டும் ஒருவரைக் காப்பதும் காட்டிக்கொடுப்பதும் உடையைக் காட்டிலும் பேச்சே ஆகும். எந்த மொழியைப் பேசுவது, எந்த உச்சரிப்பில் பேசுவது, எவ்விடத்தில் பேசாதிருப்பது ஆகியவற்றால் அமையும் மறைப்பை இக்கட்டுரை ‘மொழிவேடம்’ எனக் குறிக்கிறது.

இரண்டாம் உலகப்போரின் உண்மை வரலாறு இதற்குச் சான்று தருகிறது. பிரிட்டனின் சிறப்புச் செயற்பாட்டு அமைப்பு பிரான்சுக்கு அனுப்புவதற்கு ஆட்களைத் தேர்ந்தபோது முதலிற் பார்த்தது பிரெஞ்சு மொழித் தேர்ச்சியையே. திப்பு சுல்தானின் மரபில் வந்தவரும் பாரிசில் வளர்ந்தவருமான நூர் இனாயத் கான், 1943 ஜூனில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் பிரான்சுக்கு அனுப்பப்பெற்றார். 1944 செப்டம்பரில் தாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். அவர்போன்றோர்க்கு உயிர் காத்த கவசம் அவர்கள் பேசிய மொழி.

இத்தகைய பெண்களைக் கருவாகக் கொண்டு போர் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்காவில் குறைந்த செலவில் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 1942இல் வெளிவந்த ‘பாம்ஸ் ஓவர் பர்மா’, ‘லேடி ஃப்ரம் சுங்கிங்’ என்னும் இரண்டும் ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரண்டிலும் தலைமைப் பாத்திரம் ஏற்றவர் அன்னா மே வோங். இப்படங்களில் ஆங்கிலம் என்னும் ஒரே மொழி காட்சிக்குக் காட்சி வெவ்வேறு மதிப்புப் பெறுகிறது என்பதும், அம்மதிப்புகளைப் பிரித்தறியாத மொழிபெயர்ப்பு ஒற்றரின் வேடத்தையே அழித்துவிடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. பரபரப்பு வணிகமும் மொழியின் பணியும்

‘எக்ஸ்பிளாய்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் அமெரிக்கத் திரைப்பட வணிகத்தில் தொடக்கத்தில் விளம்பர உத்தியையே குறித்தது. பெரிய நடிகர்களும் பெரிய அரங்குகளும் இல்லாத படத்தை, நாளிதழின் முதற்பக்கச் செய்தியைத் தலைப்பாக்கிச் சுவரொட்டியால் விற்பது அவ்வுத்தி. பின்னாளில் அத்தகைய படங்களுக்கே அது பெயராயிற்று. தமிழில் ‘சுரண்டல் படம்’ என நேராகப் பெயர்த்தால் பொருள் திரியும். ‘பரபரப்புப் படம்’ என்பது ஓரளவு பொருந்தும்.

புரொட்யூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் அத்தகைய சிறு நிறுவனங்களுள் ஒன்று. 1940களில் இயங்கிய இந்நிறுவனத்தின் படங்கள் சில நாட்களிலேயே எடுத்து முடிக்கப்பட்டன. ஆய்வுக்குரிய இரு படங்களும் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுவன. பெரிய போர்க்களம், ஊர் எரிதல், படைத்திரள் முதலியவற்றைக் காட்ட இங்குப் பணமில்லை. எனவே ஓர் அறை, ஒரு மேசை, இருவர் உரையாடல் ஆகியவற்றைக் கொண்டே ஆபத்தை உணர்த்த வேண்டியிருந்தது. செலவுக் குறைவு உரையாடலின் மேல் சுமையை ஏற்றியது எனலாம்.

தலைப்பே இவ்வணிகத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘பாம்ஸ் ஓவர் பர்மா’ என்பதில் பகர ஓசை இருமுறை மோதுகிறது. 1941 டிசம்பரில் இரங்கூனில் விழுந்த குண்டுகளும் பர்மாச் சாலையும் அந்நாளைய தலைப்புச் செய்திகள். ஆனால் படத்தின் தொடக்கத்தில் குண்டு விழுவது பர்மாவில் அன்று. சீனத்தின் சுங்கிங் நகரில். பர்மாவின் லாசியோவையும் சீனத்தின் குன்மிங்கையும் இணைத்த அச்சாலை, 1942 ஏப்ரல் இறுதியில் லாசியோ ஜப்பானியர் கைப்பட்டதும் துண்டிக்கப்பட்டது. படம் திரைக்கு வந்தது அதன் பின்னர், ஜூனில். தலைப்பு ஊரைச் சுட்டவில்லை, செய்தியைச் சுட்டியது. இதனைத் தமிழாக்குவோர் ‘பர்மா மீது குண்டுகள்’ என்றால் பொருள் வரும், விளம்பரம் வராது. ‘பர்மாவில் பாய்ந்த குண்டு’ என்பதில் உள்ள மோனை, மூலத்தின் நோக்கத்திற்கு அணுக்கமானது.

போருக்குப் பிந்திய பரபரப்புப் படங்களோடு ஒப்பிட்டால் இவ்விரு படங்களின் தனித்தன்மை விளங்கும். 1976இல் டிண்டோ பிராஸ் இயக்கிய ‘சலோன் கிட்டி’, பெர்லின் விலைமாதர் இல்லம் ஒன்றில் பெண்களைக் கொண்டு நாஜிகள் உளவறிந்த கதையைக் கூறியது. அதனைப் பின்பற்றி மலிவான இத்தாலியப் படங்கள் பல தோன்றின. 1977இல் புரூனோ மத்தேய் எடுத்த ‘காசா பிரிவாத்தா பெர் லே எஸ்.எஸ்.’ அவற்றுள் ஒன்று. இத்தாலியப் படப்பிடிப்பில் குரலைப் பின்னர்ப் பதிவு செய்வதே அக்கால வழக்கம். பல நாட்டு நடிகர்கள் தத்தம் மொழியிற் பேசி நடிக்க, பின்னர் எல்லார்க்கும் ஒரே மொழியில் குரல் கொடுக்கப்பட்டது. ஆகவே உச்சரிப்பு வேறுபாட்டால் அமையும் மொழிவேடத்திற்கு அங்கு இடம் குறைவு. உடலே ஒற்றின் கருவியாகக் காட்டப்பட்டது. 1942ஆம் ஆண்டுப் படங்களில் நடிகையின் சொந்தக் குரலே கருவியாக அமைந்தது.

3. நடிகையின் மொழி வரலாறு

அன்னா மே வோங் 1905இல் லாஸ் ஏஞ்சலீசில் பிறந்தவர். அவர்தம் முன்னோர் தென்சீனத்தின் தைஷான் பகுதியைச் சார்ந்தவர். ஆங்கிலம் அவருக்குப் பிறந்த ஊரின் மொழி. கலிபோர்னியா உச்சரிப்பே அவருக்கு இயல்பு. எனினும் அவர் ஏற்ற பாத்திரங்கள் பெரும்பாலும் அயல்நாட்டுப் பெண்கள். பிறந்த ஊரின் மொழியை அயலார்போல் பேசிக் காட்ட வேண்டிய நிலை அவருக்குத் தொழிலாக வாய்த்தது.

1929இல் இலண்டன் மேடையில் ‘த சர்க்கிள் ஆஃப் சாக்’ என்னும் நாடகத்தில் அவர் நடித்தபோது, சீனப் பெண்ணின் வாயில் கலிபோர்னியா ஆங்கிலம் பொருந்தவில்லை எனத் திறனாய்வாளர் குறை கூறினர். பின்னர் அவர் பிரித்தானிய உச்சரிப்பைப் பயின்றார். சீனப் பெண்ணுக்குப் பிரித்தானிய ஆங்கிலம் பொருந்தும், அமெரிக்க ஆங்கிலம் பொருந்தாது என்பது மொழியியல் நோக்கில் விந்தையானது. இரண்டும் அப்பாத்திரத்திற்கு அயன்மையே. ஆயினும் ஒன்று ‘உயர்ந்தது’ என்னும் சமூக மதிப்பீடு அதன் அயன்மையை மறைத்தது. 1930இல் வெளிவந்த ‘த ஃப்ளேம் ஆஃப் லவ்’ என்னும் படம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மும்மொழிகளிலும் தனித்தனியே எடுக்கப்பட்டது. மூன்றிலும் அவரே பேசி நடித்தார்.

1936இல் அவர் சீனம் சென்றபோது நிலைமை தலைகீழாயிற்று. வட்டார மொழிகள் பல அவருக்கு விளங்கவில்லை. தம் முன்னோரின் நாட்டு மக்களோடு மொழிபெயர்ப்பாளர் வழிப் பேச வேண்டிய விந்தையை அவரே பதிவு செய்துள்ளார். 1937இல் வெளிவந்த ‘த குட் எர்த்’ படத்தின் சீனத் தலைவி வேடத்தை அவர் விரும்பினார். அது ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குக் கிடைத்தது. அதற்காக அவர் ஆஸ்கர் விருதும் பெற்றார். சீனப் பெண்ணின் குரலாக ஜெர்மானிய ஒலிப்புடைய ஆங்கிலத்தை ஏற்ற திரையுலகம், சீன மரபில் வந்தவரின் ஆங்கிலத்தை ஏற்கவில்லை.

இவ்வரலாற்றை அறிந்து நோக்கும்போது ஒற்றர் வேடம் அவருக்குப் புதிதன்று என்பது புலனாகும். கேட்போர் எதிர்பார்க்கும் குரலைத் தந்துகொண்டே தம் குரலைக் காத்தல் அவரது கலை வாழ்வு முழுவதிலும் நிகழ்ந்தது. இரு படங்களுக்கும் பெற்ற ஊதியத்தை அவர் சீன நிவாரண நிதிக்கு வழங்கினார். அப்போது சீனர் குடியேற்றத்தைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டது 1943 டிசம்பரில். திரையில் நட்பு நாட்டவர், சட்டத்தில் விலக்கப்பட்டவர் என்னும் இரட்டை நிலையில் இப்படங்கள் உருவாயின.

4. பெயர்க்கப்படாத தொடக்கம்

ஒரு படைப்பு பல மொழிச் சூழலை எவ்வாறு ஒரு மொழியில் காட்டுகிறது என்பதை மெய்ர் ஸ்டெர்ன்பெர்க் 1981இல் வகைப்படுத்தினார். ஒரு மொழியே வழங்கும் சூழலுக்குள் கதையை ஒதுக்கிக்கொள்வது ஒரு வழி. அவரவர் மொழியை அவரவர் வாயில் அப்படியே வைப்பது மற்றொரு வழி. இதனை ‘மொழிப்பொருத்தம்’ எனலாம். எல்லாரையும் படைப்பின் மொழியிலேயே பேசவைப்பது மூன்றாவது. இதனை ‘ஒருமைப்படுத்தும் மரபு’ எனலாம். இவற்றிற்கு இடைப்பட்டனவாகச் சிற்சில அயற்சொற்களை மட்டும் காட்டல், அயல்மொழியின் தொடரமைப்பைப் படைப்பின் மொழியில் ஏற்றல், பேசப்படும் மொழி இன்னது என வெளிப்படையாகக் கூறல் போன்ற உத்திகளும் உள்ளன. ஹாலிவுட்டின் பெருவழக்கு ஒருமைப்படுத்தும் மரபே.

ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘பாம்ஸ் ஓவர் பர்மா’ அவ்வழக்கிலிருந்து விலகித் தொடங்குகிறது. சுங்கிங் பள்ளியில் ஆசிரியை லின் யிங் மாணவருக்குக் கற்பிக்கும் தொடக்கக் காட்சி சீனமொழியிலேயே அமைகிறது. துணைத்தலைப்பு எதுவும் இல்லை. வான்தாக்குதலில் அவளுடைய மாணவன் ஒருவன் இறக்கிறான். பின்னரே அவள் பணி தொடங்குகிறது. சரக்குப் போக்குவரத்தைப் பற்றிய செய்தியைப் பகைவருக்குக் கசியவிடுபவன் யார் எனக் கண்டறிய அவள் பயணம் மேற்கொள்கிறாள்.

அமெரிக்கப் பார்வையாளருக்குத் தொடக்கக் காட்சியின் சொற்கள் விளங்கா. ஆசிரியையின் குரலில் உள்ள பரிவும் குழந்தைகளின் மறுமொழியும் மட்டுமே எட்டும். இதனைக் குறையாகக் கருதுதல் பிழை. லின் யிங்குக்குச் சீனமொழி இல்லத்தின் மொழி, வகுப்பறையின் மொழி, இழப்பின் மொழி. அவள் ஆங்கிலம் பேசத் தொடங்கும்போது அது பணியின் மொழியாகிறது. பார்வையாளருக்கு அவள் பேச்சு விளங்கத் தொடங்குவதும் அவள் மறைந்து செயற்படத் தொடங்குவதும் ஒருங்கே நிகழ்கின்றன. விளங்கும் மொழியே வேடம். விளங்காத மொழியே முகம். மலிவுப் படமொன்றில் இத்தகைய அமைப்பு வாய்த்தது கருதத்தக்கது.

இங்கு மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பிற மொழியில் துணைத்தலைப்பு இடும்போது எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஆர்வம் எழும். சீன உரையாடலுக்கும் தமிழில் துணைத்தலைப்பு இட்டால், மூலப் பார்வையாளர் வெளியே நிறுத்தப்பட்ட இடத்தில் தமிழ்ப் பார்வையாளர் உள்ளே அழைக்கப்படுவர். ‘உதவி’ போலத் தோன்றும் அச்செயல் படத்தின் முதல் உத்தியை நீக்கிவிடும். பெயர்க்காமல் விடுதலும் மொழிபெயர்ப்பு முடிவுகளுள் ஒன்று.

இப்படத்தின் மற்றொரு முனையும் நோக்கத்தக்கது. பயணிகளுள் ஒருவனான சர் ரோஜர் ஹோவ் ஆங்கிலப் பிரபுவாக நடமாடுகிறான். அவனே பகைவரின் ஒற்றன். அப்பாத்திரத்தை ஏற்ற லெஸ்லி டெனிசன் ஆங்கில நடிகர். ஆகவே பொய்யான பிரபுவின் உச்சரிப்பில் பொய்யின் தடயம் இல்லை. அக்காலப் பரபரப்புப் படங்களில் பகைவனை அவன் ஆங்கிலத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். தடித்த மெய்யொலியும் திரிந்த தொடரும் போதும். இங்கோ குற்றமற்ற ஆங்கிலமே பகைவனின் மொழிவேடமாகிறது. பயிற்சியால் வந்த ஆங்கிலம் பேசும் சீன ஆசிரியை நம்பத்தக்கவளாகவும், பிறப்பால் வந்ததுபோன்ற ஆங்கிலம் பேசுபவன் நம்பத்தகாதவனாகவும் அமைகின்றனர். உச்சரிப்பைக் கொண்டு ஒருவரின் நம்பகத்தன்மையை அளக்கும் பழக்கத்தைப் படம் ஒரு கணமேனும் ஆட்டம் காணச் செய்கிறது.

5. ஓர் ஆங்கிலம், நான்கு மதிப்பு

வில்லியம் நை இயக்கிய ‘லேடி ஃப்ரம் சுங்கிங்’ 1942 டிசம்பரில் வெளிவந்தது. ஜப்பானியர் பிடியில் உள்ள சீனச் சிற்றூரில் வயலில் வேலை செய்யும் பெண்ணாகத் தோன்றும் குவான் மெய், உண்மையில் மறைமுகப் போராளிகளின் தலைவி. ஜப்பானியத் தளபதி கைமுரா அங்கு வந்ததும் அவள் உயர்குடிப் பெண்ணாக மாறி அவன் நம்பிக்கையைப் பெற்றுப் படை நகர்வுச் செய்தியை அறிகிறாள். வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து தப்பிய அமெரிக்க வான்படை வீரனையும் அவள் குழுவினர் காக்கின்றனர். இறுதியில் அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள்.

இப்படத்தின் உரையாடல் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. ஆயினும் அவ்வாங்கிலம் ஒன்றன்று. குவான் மெய் தன் போராளிகளோடு பேசும்போது ஒலிப்பது ஆங்கிலம்; கதையில் அது சீனம். அமெரிக்க வீரனோடு பேசும்போது ஒலிப்பதும் ஆங்கிலம். கதையிலும் அது ஆங்கிலமே. முன்னதில் ஒருமைப்படுத்தும் மரபும் பின்னதில் மொழிப்பொருத்தமும் செயற்படுகின்றன. ஒரே நடிகையின் ஒரே குரலில் இவ்விரு நிலையும் எவ்வித அறிவிப்புமின்றி மாறி மாறி வருகின்றன. சிற்றூரின் வயலில் வேலை செய்யும் பெண் அமெரிக்கனோடு தடையின்றி உரையாடுவதே அவள் உழத்தி அல்லள் என்பதற்குச் சான்றாகியிருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் ஆங்கிலம் பேசும் படத்தில் அச்சான்று காதில் விழாது. ஒருமைப்படுத்தும் மரபு கதைக்குள் இருக்கும் மொழித்தடயத்தைப் பார்வையாளரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

மூன்றாவது நிலை தளபதியோடு நிகழ்வது. சீனச் சீமாட்டியும் ஜப்பானியத் தளபதியும் எந்த மொழியில் உரையாடுகின்றனர்? ஆக்கிரமித்தவன் சீனம் கற்றிருக்கலாம். அவள் ஜப்பானியம் அறிந்திருக்கலாம். இருவர்க்கும் பொதுவாக ஒரு மேலைமொழி இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு அரசியற்பொருள் உண்டு. அவள் ஜப்பானியம் பேசுவாளாயின் அது பணிவாகவும் வலையாகவும் ஒருங்கே அமையும். அவன் சீனம் பேசுவானாயின் அது வென்றவனின் தன்னம்பிக்கையைக் காட்டும். ஆங்கில உரையாடல் இவற்றையெல்லாம் மூடிவிடுகிறது. எஞ்சுவது உச்சரிப்பின் தரம் மட்டுமே. வோங் பயின்ற பிரித்தானியச் சாயலுடைய ஆங்கிலம் இங்கு உயர்குடிப் பிறப்பின் அடையாளமாகப் பயன்படுகிறது. இலண்டன் திறனாய்வாளருக்காகக் கற்ற உச்சரிப்பு, ஜப்பானியத் தளபதியை ஏமாற்றும் கருவியாயிற்று எனலாம்.

நான்காவது நிலை இறுதிக் காட்சி. குண்டு பாய்ந்து உடல் வீழ்ந்த பின்னரும் குவான் மெய்யின் உருவம் தொடர்ந்து பேசுகிறது. சீனம் அழியாது என்பதே அப்பேச்சின் சாரம். அக்காட்சிக்குள் அப்பேச்சைக் கேட்பவர் எவரும் இலர். அது நேராக அரங்கில் அமர்ந்திருக்கும் அமெரிக்கரை நோக்கியது. ஒற்றரின் எல்லா வேடமும் கழன்றபின் எஞ்சும் ஆங்கிலம் பரப்புரையின் ஆங்கிலம். இக்காட்சியைக் கலைக்குறை எனத் தள்ளுவோர் உண்டு. ஆயினும் படம் முழுவதும் மறைந்து பேசியவள் முதன்முறையாக மறைப்பின்றிப் பேசுவது உயிர் பிரிந்த பின்னரே என்பது, அறிந்தோ அறியாமலோ, கதையின் கருவோடு பொருந்துகிறது.

6. பகைவரின் குரலும் படங்களின் குறையும்

இப்படங்களின் சிறப்பைக் கூறுமிடத்து அவற்றின் குறையை மறைத்தல் தகாது. தளபதி கைமுராவாக நடித்த ஹெரால்ட் ஹூபர் வெள்ளையின நடிகர். ஒப்பனையாலும் ஒலிப்பாலும் ஜப்பானியராக்கப்பட்டவர். 1942 பிப்ரவரி 19ஆம் நாள் ஆணையின் விளைவாக ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களில் அடைக்கப்பட்ட காலம் அது. திரையில் ஜப்பானியர் பேச, திரைக்கு வெளியே ஜப்பானிய மரபினர் பேச்சிழந்தனர்.

ஆசியரைக் காட்டும் ஹாலிவுட் ஆங்கிலம் இரு வகைப்படும். ஒன்று, சுட்டிடைச்சொற்களும் வினைவிகுதிகளும் உதிர்ந்த குறையாங்கிலம். மற்றொன்று, பழமொழிபோல் ஒலிக்கும் அலங்கார ஆங்கிலம்; சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்டு ஏற்ற சார்லி சான் துப்பறிவாளர் இதனைப் பரப்பினார். இரண்டும் சீனத்திலிருந்தோ ஜப்பானியத்திலிருந்தோ பெறப்பட்டவை அல்ல; ஆங்கிலேயர் காதில் அயன்மை எவ்வாறு ஒலிக்கும் என்னும் கற்பனையிலிருந்து பெறப்பட்டவை. அம்மொழிகளின் இலக்கணத்தில் சுட்டிடைச்சொல் இல்லாமை ஒரு குறையன்று. தமிழிலும் அது இல்லை. தாய்மொழியில் நிறைவாகப் பேசும் ஒருவரின் பேச்சைக் குறையாங்கிலத்தில் தருவது பொய்யான மொழிபெயர்ப்பாகும். வோங்கின் பாத்திரங்கள் நிறைவான ஆங்கிலம் பேசுவது இப்பின்னணியில் சிறு வெற்றி. ஆனால் அவ்வெற்றி அவளைச் சுற்றியுள்ள எல்லார்க்கும் பகிர்ந்தளிக்கப்படவில்லை.

7. தமிழ்த் திரையின் ஓர் ஒப்பீடு

பர்மாவையும் பெண் ஒற்றரையும் இணைத்த போர்க்காலப் படம் தமிழிலும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்சின் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘பர்மா ராணி’ 1945இல் வெளிவந்தது. போர் முயற்சிக்குத் துணைநிற்கும் படங்களை அரசு எதிர்பார்த்த காலத்தில் உருவான இப்படத்தில், ஜப்பானியர் வசமுள்ள பர்மாவில் சிக்கிய இந்திய வான்படையினர்க்கு ராணி துணைநிற்கிறாள். கே. எல். வி. வசந்தா அவ்வேடம் ஏற்றார். வீழ்ந்த விமானம், ஆக்கிரமிக்கப்பட்ட நிலம், மறைந்து உதவும் பெண் என்னும் மூன்றும் ‘லேடி ஃப்ரம் சுங்கிங்’ படத்திலும் உள்ளவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று தோன்றியது எனக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே போரின் ஒரே தேவை இரு நாட்டிலும் ஒத்த கதையைத் தோற்றுவித்தது எனக் கொள்ளலாம்.

மொழி நோக்கில் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கப் படத்தில் சீனச் சிற்றூரில் ஆங்கிலம் முற்றிலும் மரபுவழிப்பட்ட கற்பனை. பர்மாவிலோ வணிகராகவும் உழைப்பாளராகவும் வாழ்ந்த தமிழர் பலர் இருந்தனர். 1942இல் அவர்கள் பெருந்திரளாக வெளியேறியது தமிழர் நினைவில் நிற்பது. எனவே பர்மாக் கதையில் தமிழ் ஒலிப்பது ஓரளவு உலகியல் வழக்கோடு பொருந்தும். ஆனால் ஜப்பானியர் தமிழ் பேசும் இடத்தில் ஒருமைப்படுத்தும் மரபு மீண்டும் வந்துவிடுகிறது. ஒரே படத்தில் உண்மைத் தமிழும் பெயர்ப்புத் தமிழும் அருகருகே வரும் இந்நிலை, ஆங்கிலப் படங்களைத் தமிழாக்குவோர்க்கு உள்நாட்டு முன்மாதிரியாகும்.

8. மொழிபெயர்ப்பாளர்க்குரிய தீர்வுகள்

ஆங்கிலத்தின் நான்கு மதிப்புகளையும் தமிழில் எவ்வாறு பிரித்துக் காட்டுவது? ஆங்கிலத்திற்கு இல்லாத இரு வசதிகள் தமிழுக்கு உண்டு. ஒன்று, எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிரிந்து நிற்கும் இரட்டை வழக்கு. மற்றொன்று, முன்னிலைச் சொல்லின் படிநிலை. ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைச் சொல் வரும் இடத்தில் தமிழ் நீ, நீங்கள், தாங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

போராளிகளோடு குவான் மெய் பேசுவதற்கு இயல்பான பொதுப் பேச்சு வழக்கு ஏற்றது. முதியவரை ‘ஐயா’ என்றும் இளையவனைத் ‘தம்பி’ என்றும் விளிக்கலாம். அவள் தலைவியாயினும் சிற்றூர் உறவுமுறை அவ்விளியில் வெளிப்படும். குறிப்பிட்டதொரு தமிழ் வட்டார வழக்கை ஏற்றினால் சீனச் சிற்றூர் தஞ்சையாகவோ நெல்லையாகவோ மாறிவிடும், அது தவிர்க்கத்தக்கது. தளபதியோடு பேசுவதற்கு எழுத்து வழக்கை ஒட்டிய நடையும் ‘தாங்கள்’ என்னும் முன்னிலையும் பொருந்தும். வயலில் நிற்கும் பெண்ணைப் படையினர் ‘நீ’ என அழைக்க, சீமாட்டியாக மாறியவளைத் தளபதி ‘நீங்கள்’ என விளித்தால், ஒரே பெண்ணின் இரு வேடமும் ஒரு விகுதி மாற்றத்தில் விளங்கிவிடும். ஆங்கிலப் படம் உடையாலும் உச்சரிப்பாலும் காட்டியதைத் தமிழ் வினைமுற்றாலேயே காட்டவல்லது.

கடினமானது அமெரிக்க வீரனோடு நிகழும் உரையாடல். டப்பிங்கில் அதுவும் தமிழாகிவிடும். கதைக்குள் அது ஆங்கிலம் என்பதை உணர்த்த, முதற்சந்திப்பில் ‘உங்கள் மொழி எனக்குத் தெரியும்’ என்பதுபோன்ற வெளிப்படையான ஒரு தொடரைச் சேர்த்தல் ஒரு வழி. அவ்வுரையாடலை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுத் துணைத்தலைப்பு இடுதல் மற்றொரு வழி. இரண்டாவதில் குவான் மெய்க்கு இரு குரல்கள் வந்துவிடும் என்னும் இடர் உண்டு. குரலே வேடமாகிய படத்தில் குரல் பிளவுபடுதல் பேரிழப்பு. எனவே முதல்வழியே தக்கது. இறுதிப் பேச்சுக்கு மேடைத்தமிழ் இயைபுடையது. ஏனெனில் அது மூலத்திலும் மேடைப்பேச்சே.

பகைவரின் ஆங்கிலம் மூலத்தில் திரிந்திருந்தால் தமிழிலும் திரிக்க வேண்டுமா என்பது மொழியியல் வினா மட்டுமன்று. அறம் சார்ந்ததும் ஆகும். படத்தை வரலாற்று ஆவணமாகக் காட்டும் துணைத்தலைப்பில், திரிபை நிரவிவிட்டால் அக்காலத்தின் இனவெறி மறைந்துவிடும். மிகுத்தால் மொழிபெயர்ப்பாளரே அதன் பங்காளியாவார். ‘ளகர றகரக்’ குழப்பம்போன்ற புதிய கேலிகளைத் தமிழில் உருவாக்காமல், மூலத்தின் கடுமையைச் சொல்லமைப்பில் மட்டும் காட்டுவதே நடுநிலை.

9. முடிவுரை

‘பாம்ஸ் ஓவர் பர்மா’, ‘லேடி ஃப்ரம் சுங்கிங்’ ஆகிய இரண்டும் பெரும்படைப்புகள் அல்ல. விரைந்து எடுக்கப்பட்டு, செய்தியின் சூட்டில் விற்கப்பட்டவை அவை. ஆயினும் பணமில்லாத இடத்தில் குரலைப் பயன்படுத்தியதால், மொழி எவ்வாறு வேடமாகிறது என்பதைப் பெரும்படங்களினும் தெளிவாகக் காட்டுகின்றன. பெயர்க்கப்படாத சீனம், குற்றமற்ற ஆங்கிலம் பேசும் பகைவன், கேட்பவர்க்கேற்ப மதிப்பு மாறும் ஆங்கிலம், உடல் வீழ்ந்தபின் தொடரும் பேச்சு ஆகியன அதற்குச் சான்றுகள்.

இவற்றை மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு தொடரிலும் அதன் சொற்பொருளை அறிவதற்கு முன் மூன்றை அறிய வேண்டும்: கதைக்குள் இது எந்த மொழி, யார் காதில் விழுவதற்காகப் பேசப்படுகிறது, யார் காதில் விழக்கூடாது. மூன்றாவதை மறந்து எல்லாவற்றையும் ஒரே தெளிவோடு தமிழாக்கும் மொழிபெயர்ப்பு, ஒற்றாடல் அதிகாரம் கூறும் மூன்றாம் தகுதியை இழந்த ஒற்றரைப்போல, காக்க வேண்டியதை வெளிவிட்டுவிடும்.